கிண்டில் ரிப்போர்ட் பக்கம்: 412 பக்கம் படித்தது எத்தனை பேர்?

மின்னூல் போடுகிறவர்களுக்கு அமேசான் தருகிற கணக்குப் பக்கத்தைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கிண்டில் என்பது அமேசானின் மின்னூல் படிக்கிற கருவி, செயலியாகவும் உண்டு. நம் புத்தகத்தை நாமே அதில் ஏற்றி விற்கிற இடம் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாகக் கேடிபி. அதில் என்னுடைய புத்தகங்கள் மூன்று இருக்கின்றன. இரண்டு துப்பறியும் குறுநாவல், ஒரு மாடித்தோட்டக் கையேடு. பெரிய எழுத்தாளன் எல்லாம் இல்லை. ஆனால் நாலு வருடமாகத் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்து பார்க்கிற ஆள் என்ற ஒரு தகுதி இருக்கிறது. புத்தகம் ஏற்றுவது எப்படி, அட்டைப்படம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் கிடையாது, அதற்கு யூடியூபில் வேண்டிய மட்டும் வீடியோ கிடக்கிறது. நான் சொல்லப் போவது அந்தப் பக்கத்தில் தெரிகிற எண்களைப் பற்றி மட்டும்தான். படித்தவர் என்ன நினைத்தார் என்று அவை சொல்கின்றனவா, அல்லது சொல்வதாக நாமே நினைத்துக்கொள்கிறோமா என்பது பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் என் கதைத் தொகுப்பு ஒன்று அச்சில் வந்தது. 500 பிரதி. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்து, கூச்சத்தோடு, எத்தனை போயிருக்கிறது என்று கேட்டேன். "போயிட்டிருக்கு சார்" என்றார்கள். அடுத்த வருடம் கேட்டேன், அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கும் போய்க்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த அனுபவத்துக்குப் பிறகு, நேற்று எத்தனை பிரதி விற்றது, எத்தனை பக்கம் படிக்கப்பட்டது, எந்த நாட்டுக் கடையில் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பட்டை வரைந்து காட்டுகிற பக்கத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்காத குறை. மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளில் காசு வங்கிக்கு வரும் என்பது விதி. காசு சின்னதாக இருந்தாலும் கணக்கு என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, அதுவே பெரிய விஷயம்.

இதில் இரண்டு வகை வருமானம். ஒன்று, புத்தகத்தை விலை கொடுத்து வாங்குகிறவர்கள். இன்னொன்று, கிண்டில் அன்லிமிடெட் என்று மாதச் சந்தா கட்டி எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கிறவர்கள். நம்மூர் லெண்டிங் லைப்ரரி மாதிரிதான், அண்ணாச்சிக்குப் பதிலாக ஒரு செயலி. 2014-இல் அமெரிக்காவிலும் 2015 செப்டம்பரில் இந்தியாவிலும் வந்தது, தமிழ்ப் புத்தகங்கள் கிண்டிலுக்குள் முறையாக நுழைந்தது 2016 டிசம்பரில். சந்தா வாசகர்கள் படிக்கிற பக்கத்துக்கு இவ்வளவு என்று, மாதாமாதம் அறிவிக்கிற ஒரு மொத்த நிதியிலிருந்து எழுத்தாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். என் நாவல்களுக்கு வருவதில் முக்கால்வாசி இந்த வழியாகத்தான். தமிழில் துப்பறியும் கதையைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் குறைவு, எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிற சாதி நாம்.

இந்தப் பக்கக் கணக்கு தொடக்கத்திலிருந்தே இப்படி இல்லை. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் எண்ணின் குணம் புரியும். முதல் வருடம், புத்தகத்தில் பத்து சதவீதத்தை ஒருவர் தாண்டிவிட்டால் போதும், எழுத்தாளருக்கு ஒரு முழுத் தொகை. 600 பக்க நாவலுக்கும் அதே தொகை, 20 பக்கக் குறுநூலுக்கும் அதே தொகை. 20 பக்கத்தில் பத்து சதவீதம் என்றால் இரண்டு பக்கம், அதாவது அட்டையைத் திறந்து "சமர்ப்பணம்" படித்தாலே காசு. அப்புறம் என்ன நடக்கும்? துண்டு துண்டாகக் குறுநூல்கள் வந்து குவிந்தன, நீளமாக எழுதுகிறவர்கள் எங்களுக்கு அநியாயம் என்று கொதித்தார்கள். 2015 ஜூலை 1 முதல் படித்த பக்கத்துக்குத்தான் காசு என்று மாற்றினார்கள். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாலும் சிறிதாக்கிப் படித்தாலும் கணக்கு மாறாதபடி ஒரு சீரான பக்க அளவு வைத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் இத்தனை பக்கம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். ஒரே வாசகர் அதே புத்தகத்தை மறுபடி படித்தால் மறுபடி கணக்கில் வராது.

இதாவது நேர்மையான அளவு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கிண்டில் கருவிக்கு உண்மையில் ஒருவர் படித்தாரா என்று தெரியாது, எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் தெரியும். ஆகவே முதல் பக்கத்திலேயே ஒரு சுட்டி வைத்து, "உங்களுக்கு ஒரு பரிசு கடைசியில் காத்திருக்கிறது, இங்கே தட்டுங்கள்" என்று போட்டுவிட்டால் வாசகர் ஒரே தாவலில் கடைசிக்குப் போய்விடுவார், நடுவில் இருக்கிற 2000 பக்கமும் படித்ததாக ஏறிவிடும். நடுவில் என்ன இருந்தது என்கிறீர்களா? பழைய கதைகள், மொழிபெயர்ப்புக் கருவி துப்பிய குப்பை, ஏதோ ஒன்று. 2016-இல் ஒரு வாசகருக்கு ஒரு புத்தகத்தில் அதிகபட்சம் 3000 பக்கம்தான் என்று வரம்பு வைத்தார்கள். பிறகு, அட்டையில் சொன்ன புத்தகத்தோடு வேறு சரக்கையும் சேர்த்துத் திணிப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இந்தக் கூத்தில் நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். "படித்த பக்கம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் எண்ணியது "போய்ச் சேர்ந்த இடம்". பெயர்ப் பலகை ஒன்று, கடையில் சரக்கு வேறு.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் முதல் குறுநாவலுக்கு அவர்கள் போட்டிருக்கிற பக்க எண்ணிக்கை 137. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலையில் பக்கத்தைத் திறந்தால் முந்தைய நாளுக்கு ஒரு பெரிய பட்டை நிற்கிறது, 412. வழக்கமாக 40, 60, சில நாள் சுத்தமாக ஒன்றும் இருக்காது. நான் உடனே வகுத்துப் பார்த்தேன். 137 பெருக்கல் 3 என்றால் 411. மீதி 1. அடடா, மூன்று பேர் ஒரே நாளில் உட்கார்ந்து முழுசாகப் படித்து முடித்திருக்கிறார்கள், நாலாவது ஆள் அட்டையைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார், நாளை தொடருவார்! எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது பாருங்கள். அடுக்களைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஏங்க, 412-ஐ நாலால வகுத்தா எவ்வளவு?" என்றாள்.

103.

"அப்ப நாலு பேர் 103-ஆம் பக்கத்துல நிறுத்திட்டாங்கன்னும் இருக்கலாம்ல?"

சட்னி அரைக்கிற சத்தத்தில் என் சந்தோஷமும் அரைபட்டது. ஏனென்றால் மொத்தப் பக்கத்தைக் காட்டுகிற இந்த ரிப்போர்ட், எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்டாது. 412 பக்கம் என்பது மூன்று பேரின் முழு வாசிப்பாக இருக்கலாம், நாலு பேரின் அரைகுறையாக இருக்கலாம், 41 பேர் பத்துப் பத்துப் பக்கம் புரட்டிவிட்டுத் தூக்கிப் போட்டதாகவும் இருக்கலாம். அதுமட்டுமல்ல, நேற்று என்று காட்டுவது நேற்றுப் படித்ததாகவே இருக்க வேண்டியதில்லை. இணையம் இல்லாமல் ஊருக்குப் போகிற ரயிலில் ஒருவர் படித்திருப்பார், வீட்டுக்கு வந்து கருவி வைஃபையைப் பிடித்த பிறகுதான் அந்தப் பக்கங்கள் மொத்தமாக வந்து ஏறும். அன்றைய பட்டை உயர்ந்ததற்கு என் கதையின் திருப்பம் காரணமாக இருக்கலாம். யாரோ ஒருவர் வீட்டு மோடத்தை ஆன் செய்ததும் காரணமாக இருக்கலாம்.

ஆனாலும் அந்த 103 என்னை விடவில்லை. அவர்கள் பக்கமும் என் கோப்பில் உள்ள பக்கமும் ஒன்றல்ல, இருந்தாலும் முக்கால் பங்கு தாண்டிய இடம் என்று கணக்குப் போட்டுத் தேடிப் போனேன். இன்ஸ்பெக்டர் பேசுகிறார். நிறுத்தாமல் இரண்டரைப் பக்கம் பேசுகிறார். கொலை எப்படி நடந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும், சமூகம் எப்படிக் கெட்டுப்போச்சு என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். எழுதும்போதே எனக்கு அது கொஞ்சம் இழுவையாகப் பட்டது, நல்ல வசனங்கள் ஆச்சே என்று விட்டுவைத்தேன். எண் எனக்கு எதையும் நிரூபிக்கவில்லை, ஏற்கெனவே இருந்த குறுகுறுப்பைத்தான் தட்டி எழுப்பியது. இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

எங்கள் தெருவில் 90-களில் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்த அண்ணாச்சியிடம் இந்த ரிப்போர்ட் எல்லாம் இல்லை, ஆனால் அவருக்குத் தெரியும். மாத நாவல்களை மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்து, பழுப்பு அட்டை போட்டு, மூலையில் ஒரு எண் எழுதி வைத்திருப்பார். புதுசாக ஏதாவது எடுக்கலாமா என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்க மாட்டார். பக்கவாட்டில், தாள் விளிம்பு தெரிகிற மாதிரி தூக்கிப் பிடிப்பார். கட்டைவிரல் பட்டுப் பட்டு விளிம்பில் கறுப்பு ஏறியிருக்கும். முழுக்கக் கறுத்திருந்தால், "இதை எடு." பாதி வரைக்கும் கறுத்து அதற்கப்புறம் வெள்ளையாக இருந்தால், "வேணாம்ல, ஒருத்தனும் தாண்டல." சில புத்தகத்தில் நடுவில் மட்டும் ஒரு இடத்தில் திட்டாகக் கறுப்பு இருக்கும், அதைக் கேட்டால் சிரித்துக்கொண்டே மேல் தட்டில் வைத்துவிடுவார், அது எந்த மாதிரிப் பக்கம் என்று எனக்குப் புரிய இன்னும் நாலு வருடம் ஆயிற்று.

அண்ணாச்சியின் கணக்கை ஒரு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கிண்டிலை வைத்துப் போட்டுப் பார்த்தார். ஜோர்டன் எல்லென்பெர்க், 2014-இல். கிண்டிலில் பலர் அடிக்கோடிட்ட வரிகள் தனியாகத் தெரியும் அல்லவா, ஒரு புத்தகத்தில் அதிகம் பேர் அடிக்கோடிட்ட முதல் ஐந்து வரிகள் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்து, சராசரி எடுத்து, மொத்தப் பக்கத்தால் வகுத்தார். கடைசி வரை படித்திருந்தால் அடிக்கோடுகள் புத்தகம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும், முன்னாலேயே மொய்த்துக்கொண்டிருந்தால் ஆள் முன்னுரையோடு எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம். டோனா டார்ட்டின் 'தி கோல்ட்ஃபிஞ்ச்' நாவலுக்கு 98.5 சதவீதம் வந்தது. ஸ்டீபன் ஹாக்கிங் காலத்தைப் பற்றி எழுதிய, உலகமே வாங்கி அலமாரியில் வைத்த புத்தகத்துக்கு 6.6. இந்தக் குறியீட்டுக்கே அவர் ஹாக்கிங் பெயரைத்தான் வைத்தார். அந்த வருடம் எல்லோர் வாயிலும் இருந்த தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதாரப் புத்தகத்துக்கு 2.4. ஏறக்குறைய 700 பக்கப் புத்தகத்தில், அந்த ஐந்து வரிகளில் கடைசியாக வருவதே 26-ஆம் பக்கம்.

இது வேடிக்கைக்குத்தான் என்று அவரே சொல்லிவிட்டார், ஆனாலும் உலகம் முழுக்கச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. பொருளாதாரப் புத்தகத்தில் முடிவை முன்னுரையிலேயே சொல்லிவிடுவார்கள், எடுத்துச் சொல்லத் தோதான வாக்கியங்கள் அங்கேதான் இருக்கும். நாவலில் கனமான வரிகள் கடைசியில் வரும். ஆகவே அடிக்கோடு இருக்கிற இடம் வாசகர் நின்ற இடம் என்று சொல்ல முடியாது, எழுத்தாளர் பஞ்ச் வைத்த இடமாகவும் இருக்கலாம். என் சொந்த அனுபவமே இருக்கிறது. என் இரண்டாவது நாவலைக் கிண்டிலில் திறந்து பார்த்தபோது ஒரு வரியின் கீழ் புள்ளிக்கோடு. பலர் அடிக்கோடிட்டிருக்கிறார்கள்! ஆவலாகப் போய்ப் பார்த்தால், "கடன்காரன் முகத்தைவிட அவன் செருப்புச் சத்தம் பெருசு" என்கிற வரி. எங்கள் ஆச்சி சொல்வது. நான் யோசித்து யோசித்துச் செதுக்கிய கொலைச் சதியை ஒருவரும் தொடவில்லை, ஆச்சி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்கள். கதைக்குள் பலர் மூழ்கிப் படித்தார்கள் என்றால் அங்கே அடிக்கோடே விழுந்திருக்காது, கொலைகாரன் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது எவன் விரலை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருப்பான்?

நட்சத்திரத்துக்கு வருகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். என் தோட்டக் கையேட்டுக்கு மொத்தம் 11 பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். அதில் ஏழு பேர் ஐந்து. அந்த ஏழில் குறைந்தது மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியும். "சித்தப்பா, அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன், படிக்கத்தான் நேரம் இல்ல" என்று போன் செய்து சொன்ன பிள்ளைகள். (வீட்டு ஆட்கள் மதிப்புரை போடக் கூடாது என்பது அவர்கள் விதி, அதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, ஏதோ மொய் எழுதியதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி கோபித்துக்கொண்டார்கள்.) இரண்டு பேர் ஒற்றை நட்சத்திரம். ஒருவர் ஒன்றும் எழுதவில்லை, தட்டியதோடு சரி. இன்னொருவர் காரணம் எழுதியிருந்தார்: "காகிதப் புத்தகம் என்று நினைத்து வாங்கினேன்." நியாயமான ஏமாற்றம்தான், நான் மறுக்கவில்லை, ஆனால் கத்தரிச் செடிக்கு மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் எப்படிக் கலக்க வேண்டும் என்று நான் எழுதியது சரியா தப்பா என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஐந்தும் ஒன்றும்தான் நிறைய, நடுவில் இரண்டு மூன்று ஈ ஓட்டும். இது என் புத்தகத்துக்கு மட்டும் நடப்பதல்ல. பாவ்லூ என்ற ஆய்வாளரும் அவரோடு வேறு இரண்டு பேரும் 2009-இல் இதை எழுதியிருக்கிறார்கள், இணையக் கடை மதிப்பீடுகளை வரைபடமாகப் போட்டால் ஆங்கில ஜே எழுத்து மாதிரி வளைகிறது என்று. காரணம் எளிது. பிடிக்கும் என்று நம்புகிறவர்தான் முதலில் வாங்குகிறார், வாங்கியவர்களிலும் ரொம்பப் பிடித்தவரோ ரொம்பக் கடுப்பானவரோதான் சிரமப்பட்டுச் சொல்ல வருகிறார். "பரவாயில்லை" என்று நினைத்தவர் பரவாயில்லை என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். யூடியூபும் ஒரு காலத்தில் ஐந்து நட்சத்திரம்தான் வைத்திருந்தது, ஏறக்குறைய எல்லோரும் ஐந்தையே போடுகிறார்கள் என்று அவர்களே 2009-இல் சொல்லிவிட்டு மறு வருடம் கட்டைவிரலுக்கு மாறினார்கள்.

கிண்டிலில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தாண்டியதும் திரையில் வந்து நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்கும். யோசித்துப் பாருங்கள், கேட்கப்படுகிறவர் யார்? கடைசி வரை வந்தவர். இன்ஸ்பெக்டர் சொற்பொழிவில் எழுந்து போனவரை யாரும் வழிமறித்து "ஏன் அண்ணே போறீங்க" என்று கேட்கவில்லை. அவராக விற்பனைப் பக்கத்துக்குப் போய்த் திட்டலாம்தான், ஆனால் கதை சலித்தவருக்கு அவ்வளவு வேலை ஏது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை எடுக்கிற இடத்தில் நின்று சாப்பாடு எப்படி என்று கேட்கிற மாதிரி. கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குப் போனவர் அங்கே வரவே மாட்டார். ஆகவே என் நாவலுக்கு 4.3 என்று நிற்பதை நான் இப்போது "முடித்தவர்களில், சொல்ல வந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது" என்றுதான் படிக்கிறேன். அந்த 4.3-உம் வெறும் சராசரி இல்லை, எப்போது போட்டது, உண்மையில் வாங்கியவர்தானா என்று என்னென்னவோ பார்த்து எடை போட்டுக் காட்டுகிறார்கள்.

2018-இல் தமிழிலும் அமேசான் நடத்திய பென் டு பப்ளிஷ் என்ற மின்னூல் எழுதும் போட்டியில் வாசகர் வரவேற்பும் தேர்வில் ஒரு பங்கு என்று சொன்னதும் வாட்ஸப் குழுக்களில் என்ன நடந்தது என்று அப்போது இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். எத்தனை "அன்பு நண்பர்களே, ஒரு நிமிடம் ஒதுக்கி" செய்திகள். நானும் அனுப்பினேன், மறைப்பானேன். எழுதின ஒரு வாரத்தைவிட நட்சத்திரம் கேட்ட ஒரு வாரம் எனக்கு அதிகம் களைப்பாக இருந்தது. கிடைத்த நட்சத்திரங்கள் எல்லாம் என் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு எத்தனை பேர் முகத்தாட்சண்யம் பார்ப்பார்கள் என்பதை மட்டும் துல்லியமாகச் சொன்னது.

இலவச நாள்களைப் பற்றி ரெண்டு வரி. கேடிபி செலக்ட் என்பதில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, பதிலுக்கு அந்த 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். ஒரு பொங்கலுக்கு நான் கொடுத்தேன், 640 பேர் இறக்கிக்கொண்டார்கள். ஐந்து நாளும் நான் ராஜா. அப்படி இலவசமாக எடுத்ததை அவர்கள் படித்தாலும் பக்கக் கணக்கில் ஏறாது, ஆகவே 640-க்குப் பிறகு எனக்குத் தெரிந்தது அமைதி மட்டும். கண்காட்சியில் இலவசப் பை கொடுக்கிற ஸ்டால் முன்னால் நிற்கிற கூட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னைக் குழப்பியது தோட்டக் கையேடுதான். 49 ரூபாய், 58 பக்கம். சந்தா வழியாக அது படிக்கப்படுவது பரிதாபமாக இருக்கும், ஒரு நாளைக்கு 4 பக்கம், 6 பக்கம். நாவலோடு வைத்துப் பார்த்தால் தோல்விப் புத்தகம் என்று நானே முடிவு கட்டி, அடுத்த பாகம் எழுதும் யோசனையைக் கைவிட்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, புத்தகத்தின் கடைசியில் நான் கொடுத்திருந்த முகவரிக்குப் படம் அனுப்பினார். பழைய பெயின்ட் வாளியில் கத்தரிச் செடி, இலைக்கு அடியில் மாவுப்பூச்சி போன தடம், நாலு காய். "தம்பி, உங்க புத்தகத்துல பூச்சி பக்கம் மட்டும் படிச்சேன். மத்தது எனக்குத் தெரியும்." அவ்வளவுதான் கடிதம். மூன்று பக்கம் படித்திருப்பார். அண்ணாச்சி தூக்கிப் பார்த்திருந்தால் "ஒருத்தனும் தாண்டல" என்றுதான் சொல்லியிருப்பார். கையேடு என்பதே தாண்டிப் போவதற்கு எழுதுவது இல்லையே, தேவையான பக்கத்தை எடுத்து வேலையை முடித்துக்கொண்டு கீழே வைப்பதற்குத்தானே. அந்த மூன்று பக்கத்துக்கு எனக்கு வந்த காசில் ஒரு தேன்மிட்டாய் வாங்க முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் 4 என்று குட்டையாக நின்ற பட்டைகளை அன்றிலிருந்து நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

இந்தச் சேவையில் எனக்குப் பெரிய மனக்குறை, எத்தனை பேர், எங்கே நிறுத்தினார்கள் என்பதை ஆசிரியருக்குக் காட்டாததுதான். வீடியோ போடுகிறவர்களுக்கு யூடியூப் காட்டுகிறது. என் அண்ணன் மகன் பைக் ரிப்பேர் வீடியோ போடுகிறான், அவன் போனில் அந்த வளைகோட்டைக் காட்டினான். எந்த விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. "இங்க பாருங்க சித்தப்பா, வணக்கம் மக்களேன்னு சொல்ற இடத்துல அப்படியே விழுது." அதனால் வணக்கத்தை வெட்டிவிட்டான். அடுத்து, ஸ்பேனரின் அளவு சொல்கிற இடத்தில் விழுந்தது, அதையும் வெட்டினான். இப்போது அவன் வீடியோ தொடங்கும்போதே "செயின் அறுந்துபோச்சு!" என்று கத்துகிறான், கோடு நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த ஸ்பேனர் என்று கீழே கேட்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு, எனக்கு அந்தக் கோடு வேண்டுமா என்று கொஞ்சம் தயக்கமாகவே இருக்கிறது. இன்ஸ்பெக்டரை வெட்டுவேன், அது சரி. கொலைக்கு முன்னால் இரண்டு பக்கம் தாமிரபரணிக் கரையில் ஒன்றும் நடக்காமல் ஒருவன் வேட்டி துவைத்துக்கொண்டிருக்கிறான், அங்கேயும் கோடு இறங்கத்தான் செய்யும். அதையும் வெட்டச் சொல்லுமே?

மொத்தத்தில் கேடிபி ரிப்போர்ட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கணக்கை ஒளிக்காமல் காட்டுவதற்கு மூன்று, பக்க எண்ணிக்கை என்பது கையால் தட்டுகிற நட்சத்திரத்தைவிடக் கொஞ்சமாவது உழைப்பைக் கேட்கிற அளவு என்பதற்கு அரை. காலையில் வெறும் வயிற்றில் பார்க்காதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நாவல் எழுதுகிறவர்கள் பக்கக் கணக்கை மாதக்கணக்கில் வைத்துப் பாருங்கள், கையேடு எழுதுகிறவர்கள் அதைச் சட்டை செய்யாமல் கடைசிப் பக்கத்தில் ஒரு முகவரி கொடுத்து வையுங்கள்.

இன்ஸ்பெக்டரின் பேச்சைப் பாதியாகக் குறைத்து சென்ற மாதம் புதிய கோப்பை ஏற்றினேன். பக்க எண்ணிக்கை 137 இப்போது 135 ஆகியிருக்கிறது. நேற்றைய பட்டை 270. இந்த முறை நான் வாயைத் திறக்காமல் போனை மட்டும் மனைவி முன்னால் நீட்டினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடாமலே பார்த்தாள்.

"ரெண்டு பேர் முழுசா படிச்சிருக்காங்க" என்றாள். எனக்கு முகம் மலர்வதற்குள், "இல்லன்னா பத்து பேர் 27-ல நிறுத்திட்டாங்க" என்றாள்.

27-ஆம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். வேட்டி துவைக்கிறவன் இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறான்.